பன்னெண்டு பதினெட்டு வண்டி

இதில் ஒரு சொல்கூட கட்டிவிட்டது இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நம்பச் சொல்லி யாரும் காலில் விழப்போவதில்லை.

நடந்தது தொண்ணூத்தேழாம் வருஷம், மாசி மாசம். கச்சிராயபாளையத்துக்கும் கோமுகி அணைக்கும் நடுவில் ஒரு மாந்தோப்பில். ராத்திரி இல்லை. பட்டப்பகல். பேய் என்றால் இருட்டும் நாய் ஊளையும் வேண்டும் என்று நினைக்கிறவர்கள், உச்சி வெயிலில் ஆள் இல்லாத தோப்பில் ஒரு பத்து நிமிஷம் தனியாக நின்று பார்க்க வேண்டும். இலை அசையாது. காக்காய் கத்தாது. நம் மூச்சே நமக்குப் பக்கத்து ஆள் விடுகிற மாதிரி கேட்கும்.

பிச்சைமுத்து கூலிக்காரன். அப்போது அம்பத்து மூணு வயசு. யாரையும் நம்பமாட்டான். டீ வாங்கினால் சர்க்கரை போட்டிருக்கிறதா என்று கரண்டியை விட்டு அடியில் துழாவுவான். படிக்கத் தெரியாது, ஆனாலும் பஸ் டிக்கெட்டை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பான். அவன் நம்பின ஒரே ஆள் அவன் பெண்சாதி ராஜாம்பாள். அவளையும் நடுவில் ரெண்டு வருஷம் நம்ப முடியாமல் போயிற்று. அது பின்னால் வரும்.

தோப்பு சுப்புராயனுடையது. விழுப்புரத்தில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்சாதி தவறிப்போய் மகன் பம்பாயில் இருந்தான். ஊரில் அவரைக் கார்டய்யா என்பார்கள். கள்ளக்குறிச்சிக்கு ரயில் வருது, வருது என்று சொல்லியே ரெண்டு தலைமுறை போய்விட்டது. அவர்கள் விடாவிட்டால் போகட்டும், நாம் விடுவோம் என்று தோப்புக்குள்ளேயே ரயில் விட்டார்.

விளையாட்டுச் சாமான் இல்லை அது. ஒரு சாண் அகலத்துக்கு இரும்புப் பட்டையில் தண்டவாளம். அதுக்கு அடியில் தேக்குக் கட்டை, சல்லடையில் சலித்த ஜல்லி. லாரி வைப்பர் மோட்டாரும் மோட்டார் சைக்கிள் பேட்டரியும் வைத்த இன்ஜின். பின்னால் மூணு பெட்டி, பெட்டிக்கு அடியில் ஸ்பிரிங். சைக்கிள் பிரேக் கம்பியை இழுத்தால் கை இறங்குகிற சிக்னல். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்த கல்லில் ஒரு குகை. ஒரு லெவல் கிராசிங் கேட்டு, பிளாட்பாரத்தோடு ஒரு ஸ்டேஷன். கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பம் செய்கிறவரிடம் சொல்லி ஒரு சாண் உயரத்துக்குப் பதினெட்டு பொம்மைகள் செய்து, பெட்டிக்கு ஆறாக உட்கார வைத்தார். மூட்டை வைத்த கிழவன், பிள்ளைக்காரி, பேப்பர் படிக்கிற ஆள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

தண்டவாளத்தில் சருகு கூட்டுவது, உப்புத்தாளால் துரு தேய்ப்பது, சரிந்த ஜல்லியை ஏற்றுவது எல்லாம் பிச்சைமுத்து. பைத்தியக்கார வேலை என்று வெளியில் சொல்லிக்கொண்டிருப்பான். ஆனால் வேடிக்கை பார்க்க ஜனம் வந்தால், வண்டி வர்ற நேரம் தள்ளி நில்லுங்க என்று முதலில் அதட்டுகிறவனும் அவன்தான்.

கார்டய்யாவுக்கு எல்லாம் நேரம். காலை 9.05க்கு ஒரு வண்டி, பகல் 12.15க்கு ஒன்று, சாயந்தரம் 4.40க்கு ஒன்று. கையில் ஸ்டாப் வாட்ச். எந்த இடத்தைத் தாண்ட எத்தனை செகண்டு என்று நோட்டில் எழுதுவார்.

தோப்பின் மேற்கே எட்டடி அகல வாய்க்கால். அணைத் தண்ணீர் ஓடும். இந்தாண்ட நம் ஊர் எல்லை, அந்தாண்ட பக்கத்து ஊர். ரயில் என்றால் ஒரு பாலத்தில் போக வேண்டாமா என்று கார்டய்யாவுக்கு ஆசை. அந்தாண்டக் கொல்லைக்காரர் வீரமுத்து தாராளமாக இடம் விட்டார். கரையில் நின்ற பனைமரத்தையும் தன் ஆட்களை வைத்து வெட்டி, நெடுக்கப் பிளந்து, வாய்க்கால் மேல் போட்டுக் கொடுத்தார். அதன்மேல் தண்டவாளம். வண்டி அந்தாண்ட போய், முப்பதடி வட்டம் சுற்றி, அதே பாலத்தில் திரும்பும்.

பாலத்தைத் தாண்ட ஆறு செகண்டு. போக ஆறு. வர ஆறு. ஒரு மாசம் அப்படித்தான் ஓடியது.

மாசி ரெண்டாம் சனிக்கிழமை, 12.17க்கு, வண்டி அந்தாண்ட வட்டத்தில் நின்றது. நாலு செகண்டு. அப்புறம் தானே கிளம்பி வந்தது. அந்த இடத்தில் ஸ்டேஷன் இல்லை, சிக்னல் இல்லை, கிளுவை வேலி மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமையும் அதே இடம், அதே 12.17, அதே நாலு செகண்டு. காலை வண்டி நிற்கவில்லை. சாயந்தர வண்டியும் நிற்கவில்லை.

பிச்சைமுத்துவுக்குத் தங்கதுரை மேல் சந்தேகம். இன்ஜினுக்கு எண்ணெய் விட்டு ஒயர் பார்க்கிற மெக்கானிக் அவன்தான். நல்ல மோட்டாரைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டியிருப்பான் என்று தோன்றியது. திங்கட்கிழமை அவன் வந்ததும் பிச்சைமுத்து பக்கத்திலேயே குந்தி, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டாரில் தான் முன்னமே போட்டு வைத்த சுண்ணாம்புக் குறி அப்படியே இருந்தது. இருந்தும் விடவில்லை. ஸ்டேஷன் இல்லாத எடத்துல வண்டி எப்படி நிக்குது, நீ இன்னா பண்ண என்று நேராகவே கேட்டான்.

தங்கதுரை சிரித்தான்.

"டவுன் பஸ்ஸு மாதிரி கை காட்டினா நிக்குதோ இன்னாவோ. யாரு கை காட்டுறாங்கன்னு நீதான் போய்ப் பாரேன்."

பிச்சைமுத்து போய்ப் பார்த்தான். வட்டத்தின் ஓரத்தில் ஜல்லி ஒரு இடத்தில் மட்டும் அமுங்கி இருந்தது. யாரோ வெகு நேரம் நின்ற மாதிரி. தங்கதுரை வேலைதான், நின்று ஏதோ செய்திருக்கிறான் என்று முடிவு கட்டினான். குச்சியால் ஜல்லியைக் கிளறிச் சமப்படுத்திவிட்டு வந்தான்.

அன்றைக்கும் 12.17க்கு வண்டி நின்றது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. 12.15க்கு வண்டி கிளம்பியது. குகை, கேட்டு, பாலம் எல்லாம் சரியாகப் போனது. 12.17... நின்றது.

நாலு செகண்டு ஆயிற்று. கிளம்பவில்லை.

பதினொரு செகண்டு.

அப்புறம் கிளம்பியது. மோட்டார் முனகியது. ம்ம்ம்... என்று, மேட்டில் பாரம் ஏற்றுகிற லாரி மாதிரி. பாலத்தில் ஏறியது. டடக்... டடக்... டடக்... கார்டய்யா ஸ்டாப் வாட்சை அமுக்கினார். நேரம் 12.18.

ஒன்பது செகண்டு.

வண்டி ஸ்டேஷனுக்கு வந்து நின்றது. கடைசிப் பெட்டி தாழ்ந்திருந்தது. ஸ்பிரிங் நாலும் அமுங்கிக் கிடந்தன. பிச்சைமுத்து குனிந்தான்.

டிங்...

ஸ்பிரிங் எழும்பியது. பெட்டி மேலே வந்தது. யாரோ இறங்கிவிட்ட மாதிரி.

உள்ளே பொம்மைகள் ஆறும் ஒரு மூலைக்கு நெருக்கி உட்கார்ந்திருந்தன. மூட்டைக் கிழவன் பிள்ளைக்காரியின் மடிமேல் சாய்ந்திருந்தான். பலகையில் பாதி இடம் காலி. அந்தக் காலி இடம் ஈரமாக இருந்தது.

குலுங்கியிருக்கும் என்றார் கார்டய்யா.

"குலுங்கினா நாலா பக்கமும் உழும்ங்க. இதுங்க நகுந்து எடம் உட்டுகினு உக்காந்திருக்குதுங்க" என்றான் பிச்சைமுத்து.

மணி 12.20. தூக்கில் கூழ் எடுத்துக்கொண்டு ராஜாம்பாள் வரப்பில் வந்தாள். தினமும் வருகிற நேரம். பிளாட்பாரத்துக்கிட்டே வந்தவள் நின்றாள். தூக்கு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கூழ் மண்ணில் ஓடியது. அவள் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"பிச்சமுத்து... தண்ணி குடு."

முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவள். புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் கார்டுக்குக் கேட்டால்கூடப் பக்கத்து ஆளைச் சொல்லச் சொல்வாள். இந்தா என்றுதான் கூப்பிடுவாள். அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டது வாழ்க்கையிலேயே ஒரு ரெண்டு வருஷம்தான்.

அது எண்பத்து நாலில் ஆரம்பித்தது. நடவுக்குப் போனவள் உச்சி வேளையில் தனியாக வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் குடித்தாள். வீட்டுக்கு வந்தபோது வேறு மாதிரி இருந்தாள். தினமும் பகல் பன்னெண்டரைக்கு ஒரு குடம் தண்ணீரை மூச்சு விடாமல் குடிப்பாள். பேர் சொல்லி அதிகாரம் பண்ணுவாள். சோறு இறங்காது. ஆள் எலும்பாகிவிட்டாள். இன்னும் ஒரு மாசம்கூடத் தாங்க மாட்டாள் என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், அங்காளம்மன் கோயில் பூசாரி கண்ணாயிரம் உடுக்கை அடித்து விரட்டினார். உச்சிமுடியில் ஒரு கத்தை அறுத்து, எல்லைக்கு வெளியே கொண்டுபோய், மரத்தில் வைத்து ஆணி அடித்துவிட்டு வந்தார். எந்த மரம் என்று வீட்டு ஆளுக்குச் சொல்லக் கூடாது. தெரிந்தால் அந்தப் பக்கம் போகும்போது கண் அங்கே போகும், அது அந்தக் கண்ணைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும் என்பது வழக்கம். பிச்சைமுத்துவும் கேட்கவில்லை. பதினோரு வருஷம் ராஜாம்பாள் ராஜாம்பாளாக இருந்தாள்.

இப்போது அவன் குடத்தை எடுத்து நீட்டினான்.

அவள் குடித்தாள். வாயெடுக்காமல். குடம் காலி.

"இன்னும்" என்றாள்.

அப்போதும் பிச்சைமுத்துவுக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. வெயில் தாக்கியிருக்கும் என்று பார்த்தான். புதன்கிழமை பன்னெண்டரைக்கு ஒரு குடம் குடித்தாள். வியாழக்கிழமை ரெண்டு குடம். சோற்றைத் தட்டோடு தள்ளிவிட்டாள். இடுப்புப் புடவை தளர்ந்து தளர்ந்து இறங்கியது. வண்டியோ ஒன்றுமே நடக்காத மாதிரி, அந்தாண்ட நிற்காமல், ஆறு செகண்டில் போய் ஆறு செகண்டில் வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கண்ணாயிரத்தைக் கூட்டி வந்தான். பூசாரிக்கு எழுபது தாண்டி முட்டி போய்விட்டது. ராஜாம்பாளைப் பார்க்க வீட்டுக்குள் வர மாட்டேன் என்றுவிட்டார். வாய்க்கால் கரைக்கு மட்டும் வந்தார். பாலத்தைப் பார்த்தார். கம்பை ஊன்றிக் குனிந்து, பனங்கட்டையின் பக்கவாட்டில் நகத்தால் சுரண்டினார்.

துருப்பிடித்த ஆணித் தலை. அதைச் சுற்றி நாலு மயிர்.

"எதுல கட்டி வச்சனோ அந்த மரத்தையே பாலமா போட்டுக்கினு, வண்டியும் உட்டிருக்கீங்களே" என்றார் மெதுவாக. கோபம்கூட இல்லை.

கார்டய்யா தலையைக் குனிந்துகொண்டார். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் அந்த ஒன்பது செகண்டைத் தன் கையால் எழுதியிருக்கிறேன் என்றார். என்ன செய்ய வேண்டுமோ சொல்லுங்கள் என்றார்.

பூசாரி சொன்னது இவ்வளவுதான். வந்த வண்டியிலேயே, வந்த கிழமை, வந்த நேரத்துக்கே ஏற்றி அனுப்ப வேண்டும். பெட்டியில் பொம்மை ஒன்றும் இருக்கக் கூடாது. கடைசிப் பெட்டியில் ஒரு செம்பு தண்ணீர் வைக்க வேண்டும். ராஜாம்பாள் தோப்புக்கு வரக் கூடாது. வண்டி அந்தாண்ட கரையைத் தொட்டதும் பாலத்தைப் பெயர்த்துத் தண்ணீரில் தள்ளிவிட வேண்டும். அவர் வர மாட்டார்.

"என்னெ அதுக்கு அடையாளம் தெரியும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை வரை தாங்குவாளா என்பதே சந்தேகம். தாங்கினாள். அன்றைக்குக் காலையில் கார்டய்யா அந்தாண்ட வட்டத்தில் ஒரு கம்பி நட்டார். வண்டி அதில் தட்டினால் மோட்டார் நின்றுவிடும், திரும்பி வராது. பனங்கட்டையைப் பிடித்திருந்த முளைகளைப் பிச்சைமுத்து முன்னாடியே பிடுங்கிவிட்டு, கடப்பாரையோடு கரையில் நின்றான். கார்டய்யா பழக்கத்தில் ஸ்டாப் வாட்சோடு நின்றார். பிளாட்பாரத்துக்கும் கரைக்கும் நாலு எட்டுதான், வண்டிதான் தோப்பைச் சுற்றி வரும். பிச்சைமுத்துவின் வீடு தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம்தான், கூப்பிடு தூரம். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் ராஜாம்பாளோடு இருந்தாள்.

12.10. வீட்டிலிருந்து சத்தம் வந்தது.

"பிச்சமுத்து..."

12.12.

"தண்ணி குடு பிச்சமுத்து..."

12.14க்குச் சத்தம் மாறியது. அழுகை.

"இந்தா... இந்தா, எங்க இருக்க?"

அது ராஜாம்பாள் குரல். அவளே கூப்பிடுகிற மாதிரி. பிச்சைமுத்து கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ரெண்டு அடி வைத்தான். கார்டய்யா கையைப் பிடித்து இழுத்தார். போகாதே, ஏமாத்துது என்றார். பிச்சைமுத்துவுக்கும் அப்படித்தான் பட்டது. யாரையும் நம்பாதவன். அந்தக் குரலையும் நம்பவில்லை. நின்றுவிட்டான்.

12.16. பிளாட்பாரத்தில் காலி வண்டி.

செம்பில் தண்ணீர் அசைந்தது. காற்று இல்லை.

வீட்டில் குரல் பாதியில் அறுந்தது.

12.17.

ஸ்பிரிங்... அமுங்கியது.

இன்னும் அமுங்கியது.

பெட்டி சக்கரத்தில் உரசியது. கிறீச்...

கார்டய்யா சுவிட்சைத் தட்டினார்.

வண்டி நகர்ந்தது. முனகிக்கொண்டே... குகைக்குள் போனது... வெளியே வந்தது... கேட்டைத் தாண்டியது...

12.18.

பாலம்.

டடக்...

டடக்...

பனங்கட்டை நடுவில் வளைந்தது.

டடக்...

பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

டடக்...

"இப்ப" என்றார் கார்டய்யா.

கடப்பாரையை விட்டு நெம்பினான். கட்டை புரண்டது. தண்டவாளத்தோடு தண்ணீரில் விழுந்தது.

அந்தாண்ட வண்டி கம்பியில் தட்டி நின்றது.

சத்தம் இல்லை.

பிச்சைமுத்து வீட்டுக்கு ஓடினான். ராஜாம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். லட்சுமியம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். மணி 12.25. ராஜாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். பசிக்குது, சோறு இருக்கா என்று கேட்டாள். அவன் அங்கேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டான்.

மறுநாளே எழுந்து வேலை செய்தாள். ஒரு மாசத்தில் உடம்பு தேறிவிட்டது. அதிகமாகத் தண்ணீர் கேட்பதில்லை. மூணு வேளையும் சாப்பிட்டாள். பேச்சுதான் கொஞ்சம் கம்மி. நோவு கண்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

பங்குனி கடைசியில் கார்டய்யா மகனோடு பம்பாய் போய்விடுவதென்று முடிவு பண்ணினார். தண்டவாளத்தைப் பிடுங்கிச் சுருட்டியாயிற்று. கிளம்புகிற அன்றைக்குப் பிச்சைமுத்துவை மாமரத்தடியில் உட்கார வைத்து அந்த நோட்டை எடுத்தார். இத்தனை நாள் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்ததாகச் சொன்னார். பிச்சைமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து மேல் விரலை வைத்துக் காட்டிப் படித்தார்.

"சும்மா வண்டி, ஆறு செகண்டு. அது ஏறி வந்த அன்னிக்கு ஒன்பது. பாத்தியா, ஒரு ஆளுக்கு மூணு செகண்டு ஜாஸ்தி."

பிச்சைமுத்து தலையாட்டினான்.

"திருப்பி அனுப்பின அன்னிக்கு நீ கண்ண மூடிக்கினு இருந்த. நான் பாத்துக்கினு இருந்தேன்."

விரல் கடைசி வரியில் நின்றது.

"பன்னெண்டு."

சும்மா வண்டியை விட ஆறு செகண்டு ஜாஸ்தி. ஒரு ஆளுக்கு மூணு என்றால் அன்றைக்குப் பெட்டியில் ஏறிப் போனது எத்தனை பேர் என்று கணக்குப் போடப் படிப்பு வேண்டியதில்லை. இந்தா, எங்க இருக்க என்று 12.14க்குக் கேட்ட அழுகை பிச்சைமுத்துவின் காதில் திரும்பக் கேட்டது. அதைத்தான் அவன் நம்பாமல் நின்றான்.

அப்போது வரப்பில் ராஜாம்பாள் வந்தாள். கையில் தூக்கு. வெயிலில் நிதானமாக நடந்து வந்து, கூழை ஊற்றி, வெங்காயத்தை எடுத்து வைத்தாள். ரெண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் நிமிர்ந்து சிரித்தாள்.

"இன்னா அப்படிப் பாக்கற? சாப்புடு."

பிச்சைமுத்து இறந்தது ரெண்டாயிரத்துப் பதினாறில். அதுவரைக்கும், பத்தொம்பது வருஷம், அவள் கையால்தான் சாப்பிட்டான். ஒரு தடவைகூட அவளை ராஜாம்பாள் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை.